தாத்தாவின் ஒற்றைத் தோட்டா ரைஃபிளை என்ன செய்வது?

கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது, சுருக்கமாக: "என் தாத்தா வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது அவருக்கு விட்டுப்போன சின்ன ரைஃபிள் ஒன்று இப்போது அப்பா பேரில் லைசென்ஸோடு இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். விசைக்குக் கீழே ஒரு லீவர், பக்கவாட்டில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்த முத்திரை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விற்றுவிடலாம் என்கிறார். எனக்கோ இதைப் போல இன்னும் இரண்டு மூன்று சேர்க்கலாம் என்று ஆசை. இதில் ரசிக்க என்ன இருக்கிறது, எங்கே தொடங்குவது அண்ணே?"

விற்க வேண்டாம் தம்பி. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்த முத்திரை இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்த பி.எஸ்.ஏ. கம்பெனியுடையது. கீழே லீவர் என்றால் அவர்களுடைய சின்ன மார்ட்டினி (மார்ட்டினி என்பது பின்வாயை மூடிச் சுடும் பூட்டின் பெயர்), அநேகமாகப் பாயிண்ட் 22, அதாவது துளை 0.22 அங்குலம். குறி சுடுகிறவர்கள் இன்றைக்கும் மதிப்போடு பேசுகிற துப்பாக்கி அது. விலையை மனதில் வைத்துச் சொல்லவில்லை. 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி சாதாரண ஆட்களுக்கு அடைபட்டுப்போனது. அதற்கு முன் இங்கே வந்து இறங்கியவைதான் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை கைவிட்டால், அதே தரத்தில் இன்னொன்று உங்கள் கைக்கு வருவது சந்தேகம்.

சேர்க்கும் ஆசையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்தச் சின்ன ரைஃபிள்களில் பைத்தியம் பிடித்தவர்கள் சுவர் முழுக்க மாட்டி வைத்திருப்பார்கள். இங்கே அது நடக்காது. 1959 ஆயுதச் சட்டத்துக்கு 1983இல் வந்த திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று வரம்பு வைத்தது. 2019 திருத்தம் அதை இரண்டாக்கிவிட்டது. எண்ணிக்கையில் சேர்க்க வழியில்லை, விவரத்தில்தான் சேர்க்க வேண்டும். எனக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. ஐம்பது துப்பாக்கியைச் சும்மா துடைத்து வைத்திருப்பவரைவிட, ஒன்றை ஆணி ஆணியாகத் தெரிந்து வைத்திருப்பவரிடம் பேச்சு அதிகம் இருக்கும். அப்படித் தெரிந்துகொள்ள ஒற்றைத் தோட்டா ரைஃபிள்தான் தோது. பல தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பெட்டி கிடையாது, அடுத்த தோட்டாவைத் தள்ளிவிடும் ஸ்பிரிங் கிடையாது. திறந்தால் முழு வேலையும் கண்ணெதிரே தெரியும்.

இவை மலைக்கு எப்படி வந்தன என்பதே ஒரு தனிக் கதை. லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது, வெள்ளைக்காரர்களுக்கு விலக்குத் தந்தது. அதனால் நல்ல ரைஃபிள்கள் பெரும்பாலும் ராணுவ முகாம்களிலும், சமஸ்தான அரண்மனைகளிலும், தோட்டத் துரைமார் பங்களாக்களிலும்தான் புழங்கின. பீர்மேடு, மூணாறு, வால்பாறை, கூடலூர் என்று தமிழ்நாடு, கேரள எல்லை மலை நெடுக எஸ்டேட்டுகள். துரைமார் பெரிய மிருகத்துக்கு ஒன்று, பறவைக்கு இரட்டைக்குழல் ஒன்று, பொழுதுபோக்குக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சின்ன ரைஃபிள் ஒன்று என்று வைத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் கிளம்பியபோது பெரியவை விலைக்குப் போயின. சின்னவை கிளார்க், கண்டக்டர் (தோட்ட மேற்பார்வையாளர்), டிரைவர் என்று கூட இருந்தவர்களிடம் தங்கின. உங்கள் தாத்தாவுக்கு வந்ததும் அந்த வழிதான் என்று நினைக்கிறேன்.

குழலின் மேல் கடைப் பெயர் ஏதாவது பொறித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் செய்தவன் பெயரோடு விற்றவன் பெயரையும் பொறிப்பது வழக்கம். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர் போன பி. ஓர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றவர்கள். கல்கத்தாவில் ரோடா கம்பெனி. 1914 ஆகஸ்டில் வங்காளப் புரட்சியாளர்கள் வண்டியோடு ஐம்பது மவுசர் கைத்துப்பாக்கிகளைக் கடத்திப் போனார்களே, அந்த ரோடாதான். அப்படி ஒரு பெயர் இருந்தால் துப்பாக்கி எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும்.

சின்ன ரைஃபிள் இங்கிலாந்தில் திடீரென்று பெருகியதற்குக் காரணம் ஒரு போர். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், பண்ணைக்காரர்களான போயர்கள் தூரத்திலிருந்து குறி தவறாமல் சுட்டு பிரிட்டிஷ் பட்டாளத்தைத் திணறடித்தார்கள். சாதாரணக் குடிமகனுக்கும் குறி பழக்க வேண்டும் என்று ராபர்ட்ஸ் பிரபு இறங்கிப் பிரசாரம் செய்தார். 1881 முதல் 1885 வரை நம் மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர்தான். 1901இல் தொழிலாளர் ரைஃபிள் கிளப்புகளுக்கென்று ஒரு சங்கம் உருவானது. பெரிய ராணுவத் தோட்டாவைச் சுடப் பெரிய மைதானம் வேண்டும், செலவும் ஆகும். பாயிண்ட் 22 என்றால் ஒரு கொட்டகை போதும். மதுக்கடைப் பின்கட்டுகளில்கூடச் சுட்டார்கள். அந்தத் தேவைக்காகத்தான் பி.எஸ்.ஏ. தன் சின்ன மார்ட்டினிகளை வரிசையாகச் செய்தது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பண்ணைப் பையன்களுக்கு அணிலும் முயலும் அடிக்க மலிவான துப்பாக்கி வேண்டியிருந்தது. ஸ்டீவன்ஸ், ரெமிங்டன், வின்செஸ்டர் மூவரும் அந்தச் சந்தைக்குப் போட்டி போட்டார்கள். அதனால்தான் ஆங்கிலேய ஒற்றைத் தோட்டா ரைஃபிள் கனமாக, குறி மேடைக்கென்று இருக்கும். அமெரிக்க ரைஃபிள் இரண்டு கிலோ அளவில், இரண்டாகக் கழற்றிப் பைக்குள் வைக்கிற மாதிரி இருக்கும்.

தோட்டாவின் வரலாறு தெரியாமல் துப்பாக்கி புரியாது. 1845இல் பாரிஸில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்பவர் ஒரு கேப்பின் (தட்டினால் வெடிக்கும் சின்ன உலோகத் தொப்பி) வாயில் ஈயக் குண்டை வைத்து அழுத்தினார். மருந்தே கிடையாது, கேப்பின் வெடிப்பு மட்டும்தான் தள்ளும். வீட்டுக்கூடத்தில் சுட்டு விளையாடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதன் கூட்டை நீட்டிக் கொஞ்சம் கருமருந்து போட்டு பாயிண்ட் 22 ஷார்ட் செய்தார்கள். 1871இல் லாங் வந்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி லாங் கூட்டில் கொஞ்சம் கனமான, 40 கிரெயின் (குண்டை நிறுக்கும் எடை அளவு) குண்டை வைத்தது. அதுதான் லாங் ரைஃபிள். இன்று கடையில் கிடைக்கும் பாயிண்ட் 22 தோட்டாவின் அளவு அன்று வைத்ததுதான். நூறு வயதுத் துப்பாக்கிக்கும் இன்றைக்குத் தோட்டா கிடைக்கிறதென்றால் அதனால்தான். அந்தக் காலத்து பாயிண்ட் 25 ஸ்டீவன்ஸ், பாயிண்ட் 32 என்ற மற்ற ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்தால் வெடிக்கும்) தோட்டாக்கள் எல்லாம் வழக்கொழிந்துவிட்டன. ஆங்கிலேயர்கள் காக்கை அடிக்க வைத்திருந்த பாயிண்ட் 300 போன்ற ரூக் ரைஃபிள்களுக்கும் அதே கதி. யாராவது அழகான ரூக் ரைஃபிளைக் காட்டி ஆசை மூட்டினால், தோட்டா எங்கே கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். பலவற்றின் உள்வரியை (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய திருகு வரி) குடைந்தெடுத்து பாயிண்ட் 410 ரவைத் துப்பாக்கியாக மாற்றியிருப்பார்கள். அவற்றை ரைஃபிள் என்றே சொல்ல முடியாது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பின்வாய் வழியாகத் தோட்டா போடும் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ஒரே பிரச்சினைதான்: தோட்டாவைப் போட்ட பிறகு அந்த ஓட்டையை எதைக் கொண்டு, எப்படி அடைப்பது? வெடிக்கும்போது பின்னால் தள்ளும் அழுத்தத்தை யார் தாங்குவது? இந்த ஒரே கேள்விக்கு ஒவ்வொருவரும் தந்த விடைதான் ஒவ்வொரு ரைஃபிளும். சேகரிப்பவர்கள் கம்பெனிப் பெயரை வைத்து அடுக்குவதைவிட, இந்த விடையை வைத்து அடுக்கினால் சுவை அதிகம்.

ஃப்ளோபேரின் ஆரம்பத் துப்பாக்கிகளில் விடையே கிடையாது என்று சொல்லலாம். கனமான குதிரைதான் (சுத்தியல் போல அடிக்கும் துண்டு) ஓட்டையையும் மூடியது, விளிம்பில் அடித்து வெடிக்கவும் வைத்தது. பூட்டு என்று எதுவும் இல்லை. கேப்பின் சின்ன வெடிப்புக்கு அது போதும், அதற்கு மேல் தாங்காது.

ரெமிங்டனின் ரோலிங் பிளாக் அதே யோசனையை அறிவாளி ஒருவன் திருத்தியது போன்றது. லெனர்ட் கைகர், ஜோசஃப் ரைடர் இருவரும் வளர்த்தெடுத்த அமைப்பு. இரண்டு தடித்த ஆணிகள், ஒன்றில் பிளாக், அதாவது ஓட்டையை அடைக்கும் இரும்புக் கட்டை சுழலும், ஒன்றில் குதிரை சுழலும். குதிரையைப் பின்னுக்கு இழுத்தால்தான் பிளாக்கை உருட்டித் திறக்க முடியும். விசையை அழுத்தியதும் குதிரை முன்னால் பாய்ந்து, அதன் அடிப்பகுதி பிளாக்கின் கீழ் நுழைந்து முட்டுக்கொடுக்கிறது. வெடிக்கும் நொடியில்தான் பூட்டு முழுமையாக விழுகிறது. பின்னால் தள்ளத் தள்ள இறுக்கம் கூடும். பெரிய ராணுவத் துப்பாக்கியில் வெற்றி பெற்ற அதே அமைப்பைச் சுருக்கி, நம்பர் 4 என்ற பெயரில் 1890 முதல் 1933 வரை பையன்களுக்காகச் செய்தார்கள். நம்பர் 4 ஒன்று கைக்கு வந்தால், சுடாமல் சும்மா திறந்து மூடிக்கொண்டே ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கலாம்.

உங்களிடம் இருப்பதன் மூதாதை பாஸ்டன்காரர் ஹென்றி பீபாடியுடையது. 1862இல் காப்புரிமை வாங்கினார். பிளாக்குக்குப் பின்பக்கம் மட்டும் ஓர் ஆணி. பின்னால் கீல் வைத்த பெட்டி மூடி போல, லீவரை இறக்கினால் பிளாக்கின் முன்பக்கம் கீழே சாய்ந்து ஓட்டையைத் திறக்கும். ஆனால் வெளியே தனிக் குதிரை இருந்தது, ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் இழுத்து வைக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் இருந்த ஃபிரெட்ரிக் ஃபான் மார்ட்டினி அந்தக் குதிரையைத் தூக்கிவிட்டு, பிளாக்குக்குள்ளேயே சுருள் ஸ்பிரிங்கும் தோட்டாவை அடிக்கும் ஊசியும் வைத்தார். லீவரை இறக்கும்போதே ஊசி பின்னால் இழுபட்டுத் தயாராகிவிடும். எடின்பரோ அலெக்சாண்டர் ஹென்றியின் குழலை இதோடு சேர்த்து 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டதுதான் மார்ட்டினி ஹென்றி. ராணுவத்தில் அது இருபது ஆண்டுக்குள் பழசாகிவிட்டது. பாயிண்ட் 22 குறி மேடையில் அதற்கு அடுத்த நூற்றாண்டிலும் வேலை இருந்தது. காரணம் இரண்டு. ஊசி ஓடும் தூரம் மிகக் குறைவு என்பதால், விசை விட்டதற்கும் வெடிப்பதற்கும் இடையே கை அசைய நேரம் இருக்காது. அப்புறம், பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்து ஃபிராங்கோட் பட்டறை காட்டிய வழியில் செய்த சின்ன மார்ட்டினிகளில், ஒரே ஆணியைத் தள்ளினால் முழுப் பூட்டும் மொத்தமாகக் கையில் வந்துவிடும். உங்களுடையது அந்த ரகமா என்று பாருங்கள். ஆனால் தெரியாமல் சுத்தியலை எடுக்க வேண்டாம். ஆணி எந்தப் பக்கம் தள்ளினால் வரும் என்று தெரிந்தவர் காட்டட்டும்.

ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் வேறு மாதிரி அழகு. 1890களின் தொடக்கத்திலிருந்து 1930கள் வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். லீவர், அதோடு சின்ன இணைப்புத் துண்டு, அது இழுக்கக் கீழே இறங்கும் பிளாக். அடியில் பெரிய திருகு ஒன்று, கையாலேயே திருகிக் குழலைத் தனியே எடுத்துவிடலாம். மலிவுக்காக இரும்பு மெத்தென்றுதான் இருக்கும். ஆணி ஓட்டைகள் தேய்ந்து லீவர் தொளதொளவென்று ஆடும் ஃபேவரிட்தான் அதிகம் கண்ணில் படும். அதை இறுக்கமாக வைத்திருப்பதுதான் ஃபேவரிட் வைத்திருப்பவனின் வேலை. வின்செஸ்டரின் 1885 லோ வால் இந்த வகையில் ராஜா. ஜான் பிரவுனிங் ஊட்டா மலைப் பிரதேசத்தில் அண்ணன் தம்பிகளோடு சின்னப் பட்டறையில் செய்துகொண்டிருந்ததைக் கேள்விப்பட்டு, 1883இல் வின்செஸ்டர் அதிகாரி நேரில் போய் 8,000 டாலருக்கு உரிமை வாங்கினார். பிளாக் செங்குத்தாகக் காடியில் இறங்கி ஏறும், ஆட்டம் இருக்காது. இங்கே பார்ப்பது அபூர்வம். வின்செஸ்டரே பிற்பாடு 1900 மாடல், 1902 மாடல் என்று, தாழ்ப்பாள் போல் இழுத்துத் தள்ளி மூடும் சாதாரண போல்ட் ரைஃபிள்களும் செய்தது. அவற்றில் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை, ஒன்றைத் தவிர: 1904 முதல் 1923 வரை வந்த 'தம்ப் ட்ரிகர்'. அதில் கீழே விசையே கிடையாது. போல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினால் வெடிக்கும்! யாருக்குத் தோன்றியதோ.

பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் இந்த உலகத்தை ஏற்கனவே தொட்டுவிட்டார்கள். நம்பர் 2 மார்க் 4 என்று சொல்லும் பழைய பாயிண்ட் 22 பயிற்சி ரைஃபிள், லீ என்ஃபீல்டு என்ற ராணுவ ரைஃபிளை மாற்றிச் செய்த ஒற்றைத் தோட்டாதான். கீழே மேகசின் மாதிரி தெரிவது வெறும் கூடு. சுட்ட காலித் தோட்டா அதில் விழும், அவ்வளவுதான். இதே குடும்பத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் செய்த பாயிண்ட் 410 மஸ்கட் துப்பாக்கியும் உண்டு. என்ஃபீல்டின் வரியை எடுத்து, மேகசின் இடத்தை மரக்கட்டையால் அடைத்தது. அந்த மஸ்கட்டுக்கான தோட்டா வேறு, கடையில் விற்கும் பாயிண்ட் 410 தோட்டா வேறு. பெயர் ஒன்று என்பதால் ஒன்றுக்கு மற்றது பொருந்திவிடும் என்று நினைக்கக் கூடாது.

சுடுவதில் என்ன சுகம் என்று கேட்டால், நிதானம்தான். ஒரு தோட்டாவை விரலால் அறைக்குள் வைத்து, லீவரை மூடி, மூச்சை விட்டு, ஒரு குண்டு. திரும்பவும் முதலிலிருந்து. மேகசின் இருந்தால் முதல் குண்டு தப்பினால் அடுத்தது இருக்கிறது என்று கை அவசரப்படும். இங்கே அந்த எண்ணமே வராது. மேகசினிலிருந்து ஏறும்போது ஈய முனை உரசி நசுங்குவதும் இல்லை. குறி மேடைக்காரர்கள் இன்றைக்கும் ஒற்றைத் தோட்டாவையே விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபேவரிட்டிலும் ரோலிங் பிளாக்கிலும் பெரிய குதிரை மெதுவாக விழும். விசை விட்ட பிறகும் குறியைப் பிடித்தபடியே நிற்கப் பழக வேண்டும். அதில் பழகிவிட்டு மார்ட்டினியைத் தொட்டால் கை உங்களுக்கே புதிதாகத் தெரியும். எல்லாம் அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் மேடையில்தான், தோட்டத்தில் அல்ல.

சுடுவதற்கு முன் துப்பாக்கியைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களே பார்க்க வேண்டியவையும் சில உண்டு. முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிளாக்கைத் திறந்து, பின்வாயில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து முன்வாய் வழியாகப் பாருங்கள். வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் எங்காவது கறுப்பு வளையம் தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கியிருந்தபோது அடுத்ததைச் சுட்டுக் குழல் அங்கே வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே குழி குழியாகத் துரு இருந்தால் அது பழைய தோட்டாவின் கைவரிசை. 1920களின் பிற்பகுதிவரை வந்த கேப்புகளில் இருந்த பொட்டாசியம் உப்பு, சுட்ட பிறகு குழலில் தங்கி ஈரத்தை இழுக்கும். நம் மலை ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

பிறகு விளிம்பு இடைவெளி. ரிம்ஃபயரில் வெடிமருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. பிளாக்குக்கும் குழலுக்கும் இடையே தேய்மானத்தால் சந்து விழுந்தால், விளிம்பு பிதுங்கி வாயு முகத்துக்கு வரும். சுட்ட கூடுகள் வயிறு தள்ளியிருந்தாலோ விளிம்பு வெடித்திருந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். இன்றைய லாங் ரைஃபிள் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு வரை போகலாம். முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று லியேஜ் முத்திரை இருக்கும் மலிவான ஃப்ளோபேர் ரகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வாங்கினால் பார்ப்பதற்கு மட்டும். உங்கள் பி.எஸ்.ஏ.யில் பர்மிங்ஹாம் சோதனை முத்திரை இருக்கும்: கிரீடம், அதன் கீழ் ஆங்கிலத்தில் பி.பி., பி.வி. போன்ற எழுத்துகள். அவற்றோடு என்.பி. இருந்தால் புகையற்ற மருந்துக்கும் சோதித்தது என்று பொருள். சும்மா விசையை இழுத்து விளையாடுவது கூடாது. ரிம்ஃபயரில் காலி அறையில் ஊசி அடித்தால் குழல் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் விழும், பிறகு தோட்டா சரியாக உட்காராது.

சரி, பராமரிப்பு. உங்கள் அப்பாவோ மாமாவோ தேங்காய் எண்ணெய் தடவியிருப்பார்கள். எல்லை ஊர்களில் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் மருந்து. குமுளி, மூணாறு குளிருக்கு அது உறைந்துவிடும், ஊசி மந்தமாகி விளிம்பில் பாதி அடிதான் விழும். நாள்பட்டால் பிசினாகிப் பூட்டுக்குள் ஒட்டும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் மெல்லிசாக ஒரு தடவு போதும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டி வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட ரசாயனமும் இரும்பைத் தின்னும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கே மழை கொட்டும்போது கம்பத்தில் காய்ந்த காற்று வீசினாலும், மலை வீட்டில் வைத்திருந்தால் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைக்க வேண்டும். என்.சி.சி.காரர்கள் அறிந்த புல்த்ரூவும் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) சிந்தியும் (துணித் துண்டு) போதும். பின்வாயிலிருந்து முன்வாய்க்கு இழுங்கள். பாயிண்ட் 22 குழல்கள் சுட்டுக் கெட்டதைவிட, முன்வாய் வழியாக இரும்புக் கம்பியை விட்டுக் குத்திக் கெட்டதுதான் அதிகம்.

பாலிஷ் போட மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் பழைய துப்பாக்கி என்றால் உடனே பஃபிங் சக்கரத்தில் வைத்து நிக்கல் பூசிப் பளபளவென்று தருவார்கள். எழுத்துகள் மழுங்கும், ஓரங்கள் வழுவழுவென்று உருண்டுவிடும், முத்திரை போனால் அடையாளமே போச்சு. அப்புறம் அதைப் பார்த்துச் சேகரிப்பவன் ஒருவனும் நிற்க மாட்டான். மரக்கட்டைக்கும் வார்னிஷ் வேண்டாம், ஆளி விதை எண்ணெயைத் துணியால் தேய்த்தால் போதும். சில துப்பாக்கிகளில் வால்நட் கட்டை செல்லரித்துப்போய், உள்ளூர் ஆசாரி ஈட்டி மரத்தில் புதிதாகச் செய்து போட்டிருப்பார். ஈட்டி கனம் அதிகம், சமநிலை பின்பக்கம் போய்விடும். சுத்தச் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த ஆசாரி வேலை பிடிக்கும், அது எந்த மலையில் வாழ்ந்தது என்று சொல்லும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுப்பதற்கு முன் உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, ரசீதில் எண்ணைச் சரிபார்த்துக் கொடுங்கள். மாதக்கணக்கில் சாய்ந்து கிடந்து வந்த துப்பாக்கியில் துருவும் வடுவும் பார்த்திருக்கிறேன். அனுமதி உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்க வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தில் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரர் எழுபது வயதை எட்டினாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம். அப்பா நல்லபடியாக நடமாடும்போதே செய்துவிடுங்கள். அவருக்குப் பின் என்றால் முதலில் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும், பிறகு அது வெளியே வர எத்தனை காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பூர்வீகச் சொத்து என்றாலும் இரண்டு என்ற வரம்பு மாறாது. அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப் உறுப்பினர் குறிப் பயிற்சிக்கு வைத்திருக்கும் பாயிண்ட் 22க்கு மட்டும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதற்காகவே கிளப்பில் சேர்வது நல்லது.

"நூறு வருஷம் ஆகிவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயது மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்வது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. பரணில் கிடந்தது, தாத்தா காலத்தது என்று யாராவது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் குறைந்த விலைக்கு நீட்டினால், கையால்கூடத் தொடாதீர்கள்.

எல்லையில் இருப்பவர்கள் மறப்பது ஒன்று: லைசென்ஸ் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி செக்போஸ்ட் ஏறுவதே குற்றம். அந்தப் பக்கம் பெரியார் புலிகள் காப்பகம், இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். இரண்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. 2022இல் கேரள அரசு பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததிலிருந்து, மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் உங்கள் ரைஃபிளைக் கேட்டு வரலாம். அந்த வேலைக்கு அங்கே பட்டியலில் சேர்த்த லைசென்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். பாயிண்ட் 22 பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தி வெறியேற்றும். உங்கள் சொந்த நிலத்தில் என்றாலும் 1972 வனவிலங்குச் சட்டம் சும்மா விடாது.

இன்னும் சேர்க்க வேண்டும் என்ற ஆசைக்கு என் யோசனை பழைய ஏர் ரைஃபிள்கள். அவையும் ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான், பூட்டு வேலைப்பாடும் அதே காலத்தது. 20 ஜூல் சக்திக்கு உட்பட்டு, பாயிண்ட் 177 துளைக்கு மேற்படாமல் இருந்தால் 2016 விதிகளில் லைசென்ஸ் கேட்கவில்லை. பாயிண்ட் 22 ஏர் ரைஃபிள் என்றால் வேண்டும், அதைக் கவனியுங்கள். பி.எஸ்.ஏ. 1905இல் லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைப்பில் செய்யத் தொடங்கிய ஏர் ரைஃபிள்கள், ஜெர்மனியில் ராஸ்டாட் நகரத்து டயானா எல்லாம் நம் நாட்டில் நிறையவே இறங்கியிருக்கின்றன. டயானாவின் பழைய முத்திரையைப் பாருங்கள், வேட்டைத் தெய்வம் வில்லைக் கீழே போட்டுவிட்டு ஏர் ரைஃபிளைத் தூக்கிப் பிடித்திருப்பாள். வீரபாண்டி சித்திரைத் திருவிழா மாதிரி இடங்களில் பலூன் சுடும் கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஓய்வு கொடுத்த துப்பாக்கிகள் மூலையில் கிடக்கும். சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்திலும், கோட்டை அருங்காட்சியகத்திலும் அரை நாள் செலவழியுங்கள். பூட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள், திரியில் தொடங்கி எப்படி மாறியது என்று தெரியும்.

உங்கள் பி.எஸ்.ஏ.க்குத் துணையாக இரண்டாவது ஒன்று லைசென்ஸில் வாங்குவதாக இருந்தால், நான் ரெமிங்டன் நம்பர் 4ஐத் தேடச் சொல்வேன். மார்ட்டினிக்கு நேர் எதிரான விடை அது, பக்கத்தில் வைத்துப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பாயிண்ட் 22தானா என்று குழலில் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள். பாயிண்ட் 25, 32இலும் அது வந்திருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணும், ரைஃபிளின் உடலில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய கையெழுத்தில் 1ஐ 7 என்றும், 3ஐ 8 என்றும் எழுதிவைத்த புத்தகங்கள் நிறைய உண்டு. தவறு இருந்தால் கலெக்டர் ஆபீஸில் திருத்தி வாங்குங்கள், அதன் பிறகு பேர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். முத்திரைகளைப் படம் எடுத்து அனுப்பினால் எந்த மாடல் என்று பார்த்துச் சொல்கிறேன்.